ஆள் மறையும் காட்சிக்குப் பச்சைத்துணி வேண்டுமா?

9 பிப்ரவரி 2025 (வந்த கேள்வி)

"கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு குறும்படம் எடுக்கிறோம். பழைய வீடு, நடுவில் முற்றம். பாட்டியும் பேத்தியும் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டி சட்டென்று மறைந்துவிட வேண்டும். எங்களிடம் ஒரு போனும் ஒரு முக்காலியும்தான் இருக்கின்றன. பச்சைத்துணியும் கணினி வரைகலை தெரிந்த ஆளும் இல்லாமல் இது நடக்காது என்கிறார் எடிட்டர். உண்மையா?"

9 பிப்ரவரி, இரவு

உண்மை இல்லை. பச்சைத்துணி, ஓர் ஆளைப் பெயர்த்து வேறோர் இடத்தில் கொண்டுபோய் வைப்பதற்கானது. உங்களுக்கு வேண்டியது நேர்மாறானது. இடம் அப்படியே இருக்க வேண்டும், ஆள் மட்டும் போக வேண்டும். அதற்கு அதே இடத்தின் வெற்று ஷாட் ஒன்று போதும். பாட்டி இருக்கும்போது எடுத்ததையும் அவர் எழுந்து போனபின் எடுத்ததையும் ஒட்டினால் பாட்டி மறைந்துவிடுவார்.

பதிவை நிறுத்தி மறுபடி தொடங்காதீர்கள். ஓடிக்கொண்டே இருக்கட்டும். போனை விரலால் தொடும் ஒவ்வொரு முறையும் காட்சி நூலளவு நகரும். சிறிய திரையில் அது தெரியாது, சுவரில் பெரிதாகப் போட்டுப் பார்க்கும்போது தூணெல்லாம் துள்ளும். இடைப்பட்ட பகுதியை எடிட்டிங்கில் வெட்டிக்கொள்ளலாம்.

10 பிப்ரவரி

போனைப் பற்றி நேற்றே சொல்லியிருக்க வேண்டும், தூக்கம் வந்துவிட்டது.

போன் தானாகவே முடிவெடுக்கும் கருவி. வெள்ளைப் புடவை கட்டிய பாட்டி காட்சியிலிருந்து எழுந்து போனால், மொத்த வெளிச்சம் குறைந்துவிட்டது என்று நினைத்து எக்ஸ்போஷரை ஏற்றிவிடும். சுவர் பளிச்சென்று வெளுக்கும். ஃபோகஸ் பாட்டியின் முகத்தை விட்டுப் பின்சுவரைத் தேடிப் போகும். வெள்ளைச் சமநிலையும் நகர்ந்து, மஞ்சளாக இருந்த தரை நீலம் பூசிக்கொள்ளும். இந்த மூன்றையும் பூட்ட வேண்டும். பெரும்பாலான போன்களில் திரையை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். வெள்ளைச் சமநிலைக்குக் கைமுறைப் பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால் அதற்கான செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். அதிர்வைக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். முக்காலியில் நிற்கும் போனுக்கு அது தேவையில்லை. இருந்தால் காட்சியைத் தானே அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருக்கும்.

இரவில் எடுப்பதானால் இன்னொன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப் லைட் விநாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100, விநாடிக்கு 25 ஃபிரேம் என்று வைத்துக்கொண்டால் பட்டை பட்டையாக ஓடாது. திருமண வீடியோ எடுத்துப் பிழைத்த காலத்தில் மன்னார்குடிப் பக்கத்து மண்டபங்களில் இந்தப் பட்டைகளோடு நிறையவே மல்லுக்கட்டியிருக்கிறேன். மலிவான எல்இடி பல்புகளும் இதே தொல்லையைக் கொடுக்கும். எடுப்பதற்கு முன் ஒரு சிறு பதிவு எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

11 பிப்ரவரி

திருவாரூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "பாட்டி எழுந்து போகும் நேரம் முழுவதும் குழந்தை சிலையாக உட்கார்ந்திருக்க வேண்டும். விரல் அசைந்தாலும் ஒட்டு தெரிந்துவிடும்."

பழைய முறை அப்படித்தான். நான் இதை ஏற்கவில்லை. எட்டு வயதுக் குழந்தையைச் சிலையாக்கினால், பாட்டி மறைவதற்கு முன்பே குழந்தையின் முகத்தில் உயிர் போய்விடும். பார்ப்பவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனாலும் ஏதோ நடக்கப்போகிறது என்று நெஞ்சு சொல்லிவிடும். அப்புறம் என்ன தந்திரம்?

காட்சியை இரண்டாகப் பிரியுங்கள். பல்லாங்குழிப் பலகைக்கு அந்தப் பக்கம் பாட்டி, இந்தப் பக்கம் பேத்தி. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கற்பனை செய்துகொள்ளுங்கள். தூண் ஒன்று அந்த இடத்தில் வந்தால் நல்லது, ஒட்டை அதன் விளிம்பிலேயே மறைத்துவிடலாம். இல்லையென்றால் மாஸ்க்கின், அதாவது எடிட்டிங்கில் காட்சியின் ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுக்க வரையும் எல்லையின், ஓரத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினால் போதும். பேத்தி இருக்கும் பாதியில் வெட்டே விழக் கூடாது, அது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஓட்டம். பாட்டி பக்கத்துப் பாதியில் மட்டும் வெற்று ஷாட்டை மேலே போர்த்துங்கள்.

அந்த வெற்று ஷாட்டைத் தனியாக எடுக்கவும் வேண்டாம். பேத்தி குனிந்து சோழிகளைக் குழி குழியாகப் போட்டுக்கொண்டு வரட்டும். நீங்கள் கையைக் காட்டியதும் பாட்டி சத்தமில்லாமல் எழுந்து, தன் பக்கமாகவே காட்சிக்கு வெளியே போய்விட வேண்டும். கோட்டைத் தாண்டக் கூடாது. அவர் போன சில விநாடிகளில் அந்தப் பாதி காலியாகிவிடுகிறது. அதுவே உங்கள் வெற்று ஷாட். அதை எடுத்து, அவர் எழத் தொடங்குவதற்கு ஒரு ஃபிரேம் முன்னாலிருந்து போர்த்திவிட்டால், பாட்டி உட்கார்ந்த நிலையிலேயே இல்லாமல் போவார். பேத்தி நிமிர்ந்து பார்க்கும்போது எதிரே உண்மையாகவே ஆள் இல்லை. அந்த முகத்தை எந்தப் பயிற்சியாலும் வாங்க முடியாது.

மறைகிறவர் மீது எல்லோரும் கவனத்தைக் கொட்டுகிறார்கள். காட்சியை நம்ப வைப்பது மிச்சமிருப்பவர். திருமண வீடியோவில் நான் கற்றதும் இதுதான். பெண்ணை வண்டியில் ஏற்றிய பிறகும் கேமரா அவளுடைய அப்பாவின் மேல் இருக்க வேண்டும்.

11 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழித்து

நிழலை விட்டுவிட்டேனே என்று நினைக்காதீர்கள், தனியாகச் சொல்லலாம் என்றிருந்தேன். வெளிச்சம் பேத்தியின் பக்கமிருந்து வர வேண்டும். அப்போது பாட்டியின் நிழல் அவர் பக்கத்திலேயே விழும், அவரோடு சேர்ந்தே மறையும். எதிர்ப்பக்கமிருந்து வந்தால் பாட்டி போனபின்னும் அவர் நிழல் பேத்தியின் மடியில் எழுந்து நடந்து போகும்.

11 பிப்ரவரி, இரவு

"முற்றத்தில் ஆடு ஒன்று கட்டியிருக்கிறோம், அது அசைந்தால்?" ஆட்டைப் பேத்தியின் பக்கம் கட்டுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் அசைந்துகொள்ளட்டும்.

13 பிப்ரவரி

கேட்டவர் இன்னொரு காட்சியையும் சொல்கிறார். கதையின் முடிவில் பாட்டி ஒரு பனைமரத்துக்குப் பக்கத்தில் நின்று மறைய வேண்டும், காலை வெயிலில்.

வெளியில் எடுக்கும்போது வெற்று ஷாட்டுக்கும் ஆள் ஷாட்டுக்கும் இடையே நேரம் போகவிடக் கூடாது. சூரியன் நான்கு நிமிடத்தில் ஒரு பாகை நகரும். கேட்பதற்குச் சிறிதாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சூரியன் 20 பாகை உயரத்தில் இருக்கும்போது 10 மீட்டர் உயரப் பனைக்கு ஏறக்குறைய 27 மீட்டர் நிழல். சூரியன் ஒரு பாகை ஏறினால் அந்த நிழல் ஒரு மீட்டருக்கும் மேல் சுருங்கிவிடும். தேநீர் குடித்துவிட்டு வந்து வெற்று ஷாட் எடுக்கலாம் என்று கிளம்பினால், பாட்டி மறையும் அதே நொடியில் மரத்தின் நிழலும் துள்ளிப் பின்வாங்கும்.

முற்றத்துக்கும் இதே விதிதான். கூரை வழியாகத் தரையில் விழும் வெயில் கட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். நான் சொன்ன ஒரே ஓட்ட முறையில் இடைவெளி சில விநாடிகள்தான், ஆகவே கவலை இல்லை. மேகம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலும் மேகமும் மாறி மாறி வரும் நாளைவிட, முழுக்க மூடிய வானம் எவ்வளவோ மேல்.

ஓலை அசைவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முழுக் காட்சியையும் மாற்றினால் ஓலை துள்ளும். பாட்டியைச் சுற்றி மட்டும் மாஸ்க் வரைந்து அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் ஓலை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். மாற்ற வேண்டிய இடம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இதையெல்லாம் செய்யலாம்.

16 பிப்ரவரி

"இதெல்லாம் கணினி வந்தபின் வந்தவை, பழைய படங்களில் ஏது?" என்று ஒருவர். "மெலியேஸ்தான் முதன்முதலில் கண்டுபிடித்தார்" என்று இன்னொருவர். இரண்டுமே சரியில்லை.

பாரிஸில் மந்திரக் காட்சி அரங்கு நடத்திய ஜார்ஜ் மெலியேஸ் 1896இல் ஒரு பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்துத் துணியால் மூடி மறையவைத்தார். மேடையில் அதே வித்தைக்குத் தரையில் பொறிக்கதவு வேண்டும். அவர் தரையில் செய்தித்தாளை விரித்துக் காட்டிவிட்டுத்தான் நாற்காலியைப் போட்டார், கீழே ஒன்றுமில்லை என்று பார்ப்பவர்களுக்குச் சொல்ல. எனக்கு அந்தச் செய்தித்தாள் மிகவும் பிடிக்கும். கேமராவை நிறுத்தி ஆளை மாற்றுவது என்பது ஒரு வரியில் சொல்லி முடிக்கும் நுட்பம். "இங்கே ஏமாற்று இல்லை" என்று முதலில் நம்பவைத்தது மந்திரவாதியின் மூளை.

தெருவில் படமெடுத்தபோது கருவி சிக்கிக்கொண்டு, போட்டுப் பார்த்தால் பஸ் சவ வண்டியாக மாறியிருந்தது என்று அவரே பின்னாளில் எழுதினார். நல்ல கதை. ஆனால் அதற்கு முந்தைய வருடமே, 1895இல், எடிசன் நிறுவனம் ஸ்காட்லாந்து அரசி மேரியின் தலை வெட்டப்படுவதை இதே முறையில் எடுத்துவிட்டது. கோடாரி இறங்கும் முன் கேமராவை நிறுத்தி, நடிகருக்குப் பதில் பொம்மையை வைத்தார்கள். அதோடு, மெலியேஸின் படச்சுருள்களை ஆராய்ந்தவர்கள் அவற்றில் வெட்டி ஒட்டிய இடங்களைக் கண்டிருக்கிறார்கள். கேமராவை நிறுத்தியதோடு விடாமல், கத்தரியால் ஃபிரேம் ஃபிரேமாகச் சரிசெய்திருக்கிறார். நான் பதிவை நிறுத்தாதீர்கள், எடிட்டிங்கில் வெட்டுங்கள் என்று சொன்னதற்கு இதைவிட மூத்த சாட்சி கிடையாது.

நம் பக்கத்துக்கும் இந்தக் காலத்தோடு ஒரு தொடர்பு உண்டு. திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் தூப்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். சலனப்படம் நமக்கு நேற்று வந்த பொருள் இல்லை.

2 மார்ச்

பதினைந்து நாள் வேலை நெருக்கடி. இதற்குள் கேட்டவர் பனைமரத்தை விட்டுவிட்டுக் காவிரி மணலுக்குப் போய்விட்டார்! பாட்டி மணலில் நடந்து போகிறார், பாதியில் மறைகிறார், காலடித் தடம் அங்கேயே முடிந்துவிடுகிறது. படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் இல்லாத மாதங்களில் நம் ஆற்றில் இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

சிக்கல் இதுதான். மறைந்த இடத்திலிருந்து பாட்டி வெளியே நடந்தால் அங்கே இன்னொரு தடம் விழும். ஆகவே வரிசையைத் திருப்பிப் போடுங்கள். யாரும் கால் வைக்காத மணலை முதலில் எடுங்கள். கேமராவுக்குப் பின்னாலேயே எல்லோரும் நிற்க வேண்டும், நாயும்கூட. பிறகு பாட்டி நடந்து வந்து நிற்கட்டும், கேமரா ஓடிக்கொண்டே இருக்கட்டும். எடிட்டிங்கில் அவர் உடம்பை மட்டும் மாஸ்க்கால் மூடி, முதலில் எடுத்த வெறும் மணலைப் போர்த்துங்கள். அவர் விட்டுவந்த தடங்கள் மாஸ்க்குக்கு வெளியே இருப்பதால் அப்படியே இருக்கும். கடைசித் தடத்தில் மட்டும் அவருடைய பாதமே நின்றுகொண்டிருக்கிறது. அதற்கு அவரை வந்த தடத்திலேயே கால் வைத்துப் பின்னோக்கி இரண்டு அடி நகரச் சொல்லிவிட்டு, கடைசி ஜோடித் தடத்தின் படத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நிழலை மறக்காதீர்கள். மணலில் விழும் நிழலையும் மாஸ்க்குக்குள் கொண்டுவர வேண்டும். மேகமூட்டமான நாள் கிடைத்தால் பாதி வேலை மிச்சம்.

மேட்டூர் வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்படும். ஆனால் ஆற்றில் தண்ணீர் விடுவது நாட்காட்டியை மட்டும் பார்த்து நடப்பதில்லை. பாட்டியை ஆற்றுக்குள் இறக்கும் முன் கரையில் இருப்பவர்களிடமும் நீர்வளத் துறைக்காரர்களிடமும் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

3 மார்ச்

"இருந்தாலும் ஒரு பச்சைத்துணி வாங்கி வைக்கலாமா?" வாங்குவதானால் நீலம் வாங்குங்கள். குறுவை நட்ட வயலில் பச்சைத்துணியை விரித்து நிறுத்திவிட்டு மென்பொருளிடம் பச்சையை எடு என்றால், வயலையும் வாழையையும் சேர்த்து எடுத்துவிடும். வயலின் பச்சை எதிரொளித்து ஆளின் தோளிலும் கன்னத்திலும் ஏறியிருக்கும், அங்கேயும் ஓட்டை விழும்.

20 மார்ச்

எடிட்டிங்கே இல்லாமல் ஒரு வழி இருக்கிறது. சோதித்துப் பார்த்த மகிழ்ச்சியில் எழுதுகிறேன்.

1862 டிசம்பரில் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் ஓர் ஆவியைக் காட்டினார். ஹென்றி டிர்க்ஸ் என்பவரின் யோசனையை மேடைக்கு ஏற்றபடி மாற்றியது அது. பார்வையாளருக்கும் மேடைக்கும் நடுவே பெரிய கண்ணாடித் தகட்டைச் சாய்த்து நிறுத்தி, மறைவான பள்ளத்தில் நிற்கும் நடிகர் மீது வெளிச்சம் போட்டால், அவர் பிம்பம் மேடையில் நிற்பதாகத் தெரியும். வெளிச்சத்தைக் குறைத்தால் ஆவி கரைந்துவிடும்.

மேடைக்கு ஆளுயரக் கண்ணாடி வேண்டும். கேமராவுக்கு வேண்டாம், ஏனென்றால் கேமராவுக்குக் கண் ஒன்றுதான். லென்ஸுக்கு முன்னால் 45 பாகையில் ஒரு சிறு கண்ணாடித் துண்டு, லென்ஸின் பார்வை முழுவதும் அதன் வழியே போகும் அளவு இருந்தால் போதும். புகைப்படச் சட்டத்தின் கண்ணாடியே சரியாக இருக்கும். நேர் எதிரே முற்றம். பக்கவாட்டில், செங்கோணத்தில், இருட்டறையில் பாட்டி. அவருக்குப் பின்னால் கறுப்புத் துணி. முற்றத்தில் பாட்டி இருக்க வேண்டிய இடம் எவ்வளவு தூரமோ அதே தூரத்தில் அறையில் அவரை உட்காரவையுங்கள், அப்போதுதான் உருவ அளவும் ஃபோகஸும் பொருந்தும். அவர் மேல் விழும் விளக்கை மெல்லக் குறைத்தால் பாட்டி உங்கள் கண்ணெதிரே கரைவார். ஒரே ஷாட், ஒட்டு இல்லை.

இந்த முறையில் பாட்டி கொஞ்சம் ஒளி ஊடுருவுகிறவராகத்தான் தெரிவார், பின்னாலுள்ள சுவர் அவர் வழியே தெரியும். முற்றம் மங்கலாக இருந்தால் அது குறையும். இன்னொன்று, கண்ணாடியில் பார்ப்பதால் இடவலம் மாறும். வலது கையால் சோழி எடுக்க வேண்டியவர் இடது கையால் எடுக்கட்டும், மூக்குத்தியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் இதை உங்கள் படத்துக்கே சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதி முடித்தபோது வேறு மாதிரித் தோன்றுகிறது. கரைந்து போனால் அது ஆவிக்கதை. உங்கள் கதையில் பாட்டி ஆவி இல்லை, சோறு ஊட்டி வளர்த்த பாட்டி. இருந்தவர் இல்லை என்பது ஒரே ஃபிரேமில் நடக்க வேண்டும். ஆகவே பிப்ரவரி 11ஆம் தேதி சொன்னதையே வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடியை அடுத்த படத்துக்குப் பத்திரப்படுத்துங்கள்.

18 மே

நரசிம்ம ஜெயந்திக்கு மெலட்டூர் போய்வந்தேன். பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தில் பிரகலாத சரித்திரம். பாத்திரம் வரும்முன் திரையைப் பிடித்துக்கொண்டு இருவர் நிற்கிறார்கள். திரைக்குப் பின்னால் ஆள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நரசிம்மர் வெளிப்படும் நேரம் நெருங்க நெருங்க, என் பக்கத்தில் இருந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டே அழுதார். நானும் மேடையைவிட அவரைத்தான் அதிகம் பார்த்தேன். பேத்தியின் முகம் பற்றிச் சொன்னேனே, அதில் இன்னும் உறுதியாகிவிட்டேன்.

8 ஜூன்

காட்சி வந்து சேர்ந்தது. நன்றாக இருக்கிறது, தம்பி. ஒட்டு எங்கே என்று தேடித்தான் கண்டுபிடித்தேன். பலகையின் நடுவில், பாட்டி பக்கத்து மூன்றாவது குழியில் சோழிகளின் எண்ணிக்கை மாறுகிறது. எழுந்திருக்கும்போது புடவைத் தலைப்பு தட்டிவிட்டிருக்கும். மாஸ்க்கின் விளிம்பை அந்தக் குழிக்கு அப்பால் தள்ளினால் சரியாகிவிடும்.

பாட்டியின் கையிலிருந்த சோழிகள் தரையில் விழும் யோசனை மிக அழகு. ஆனால் விழும் உயரம் பொருந்தவில்லை. பாட்டியின் கை இருந்த இடத்தில் வேறொருவர் கையை நீட்டி, அங்கிருந்தே சோழிகளை விடட்டும். அந்தக் கையை வெற்று ஷாட்டால் மூடிவிடலாம். கைக்குக் கீழே விழுகிற சோழிகள் மட்டும் தெரியும்.

ஒலியைத்தான் மாற்ற வேண்டும். மறையும் இடத்தில் "உய்ங்" என்று ஒரு சத்தம் சேர்த்திருக்கிறீர்கள், எடுத்துவிடுங்கள். பக்கத்து வயலின் மோட்டார் சத்தம் வெட்டுக்கு முன்னும் பின்னும் அறுபடாமல் ஓடட்டும். காது தொடர்ச்சியை நம்பினால் கண்ணும் நம்பிவிடும். முற்றத்தில் ஆட்களை வெளியேற்றிவிட்டு வெறும் ஒலியை மட்டும் ஐந்து நிமிடம் பதிவு செய்துகொண்டு வாருங்கள். சோழி விழும் சத்தத்தை அதே தரையில் தனியாக எடுங்கள், ஓட்டுத் திண்ணையில் எடுத்தால் வேறு மாதிரிக் கேட்கும். ஆட்டின் மணியை அப்படியே விட்டுவிடுங்கள்.